குளோவர் போட்ட இடத்தில் புல் மண்டிவிட்டது. இன்னும் உரம் போடலாமா?

சுள்ளிக்காடு | மே 24

வணக்கம். எனக்கு வேலை நியூஜெர்சியில். மூன்று வருஷம் முன்னால் பென்சில்வேனியாவின் வடக்கே, பாட்டர் கவுண்டி மலைப்பக்கம் 14 ஏக்கர் காடு வாங்கிப் போட்டேன். அதில் அரை ஏக்கரை, நம் கணக்கில் 50 சென்ட், மரம் வெட்டித் திறந்து மானுக்கு ஃபுட் பிளாட் (மான் மேய விதைத்து வளர்க்கும் தீனித் துண்டு) போட்டேன். போன ஆகஸ்ட் கடைசியில் வெள்ளைக் குளோவரையும் (மூன்று இலைத் தீவனச் செடி) ஓட்ஸையும் கலந்து விதைத்தது. அக்டோபரில் பார்த்தால் பச்சைக் கம்பளம், சாயங்காலம் ஆனால் ஏழெட்டு மான் வரும். ஓட்ஸ் பனியில் செத்துவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். ஏப்ரலில் குளோவர் கொஞ்சம் வெளிறித் தெரிந்ததால் கடையில் கேட்டு 13-13-13 உரம் 50 பவுண்டு மூட்டை நான்கு வாங்கித் தூவினேன்.

நேற்றுப் போனேன். முழங்கால் உயரத்துக்குப் புல். விலக்கிப் பார்த்தால் அடியில் குளோவர் சோகையாகக் கிடக்கிறது, இலை ஓரம் மஞ்சள். இன்னும் உரம் வேண்டுமா, வெட்டிவிடுவதா, மருந்து அடிப்பதா? யாராவது சொல்லுங்கள்.

கரிசல்மண் | மே 24

உரத்தைத் தொடாதீர்கள், போட்டவரைக்கும் போதும். மூட்டையில் இருக்கும் முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), அடுத்தது மணிச்சத்து (பாஸ்பரஸ்), கடைசி சாம்பல்சத்து (பொட்டாசியம்). குளோவர் பயறு வகைச் செடி, அதற்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடும். நீங்கள் வெளியிலிருந்து கொட்டினால் முடிச்சு சோம்பேறியாகிவிடும், அந்தச் சத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் புல் எழும்பும். 13-13-13 நான்கு மூட்டை என்றால் 26 பவுண்டு தழைச்சத்து, அதுவும் அரை ஏக்கரில். புல்லுக்குத்தான் விருந்து வைத்திருக்கிறீர்கள்.

நான் விஸ்கான்சினில் பத்து வருஷமாக இதைச் செய்கிறேன், முதல் வருஷம் நானும் இதே தப்பைத்தான் செய்தேன். குளோவருக்கான மூட்டையில் முதல் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும், 0-20-20 மாதிரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. மண் பரிசோதனை செய்தீர்களா? பிஎச், அதாவது மண்ணின் புளிப்பு அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), எவ்வளவு?

சுள்ளிக்காடு | மே 24

மண் பரிசோதனை செய்யவில்லை. மரம் இருந்த இடம், இலை மக்கி மண் கறுப்பாக இருந்தது. நல்ல மண் என்று நினைத்துவிட்டேன்.

ஈரோட்டான் | மே 25

ஏனுங்க, தெரியாமல்தான் கேட்கிறேன். எங்கள் தோட்டம் சத்தியமங்கலம் பக்கம். கடலைக் காட்டில் மானும் பன்றியும் இறங்காமல் இருக்க ராத்திரி முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு பரண் மேல் உட்கார்ந்திருக்கிறோம். நீங்கள் என்னவென்றால் காசு கொடுத்து விதை வாங்கி, உரம் போட்டு, மான் வரவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். எங்கள் ஊர் மானுக்கு விசா எடுத்து அனுப்பட்டுமா?

ஆனால் கரிசல்மண் சொல்வது சரி. உளுந்தங்காட்டில் யூரியாவைக் கூடுதலாகப் போட்டால் கொடி மட்டும் ஓடும், காய் பிடிக்காது. இங்கே எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும்.

சுள்ளிக்காடு | மே 25

அனுப்புங்கள் அண்ணே, இங்கே தீனி இருக்கிறது, புல்லாக :) வேட்டைப் பருவத்தில் ஒரு மான் அடிக்க உரிமம் எடுப்பேன், இறைச்சி வருஷம் முழுக்க வரும். மற்ற நாளெல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான்.

மூன்றாம்சாமம் | மே 25

இது சட்டப்படி தூண்டில் தீனி இல்லையா? பென்சில்வேனியாவில் சோளம் கொட்டி வைத்து மான் அடிக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன்.

கரிசல்மண் | மே 25

கொட்டி வைப்பது வேறு, விதைத்து வளர்ப்பது வேறு. பென்சில்வேனியாவில் 2012-இலேயே மானை மெலியவைத்துக் கொல்லும் சிடபிள்யூடி நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காக அறிவித்த மண்டலங்களில் மானுக்குத் தீனி வைப்பதே தடை. ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் நோய் பரவும் என்பதுதான் காரணம். பயிரிடுவது விவசாயக் கணக்கில் வந்துவிடும். விஸ்கான்சினிலும் இதே பேச்சுதான், இங்கே அந்த நோய் 2002-இலேயே வந்துவிட்டது. விதிகள் வருஷா வருஷம் மாறும், அந்தந்த வருஷ வேட்டைக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். காட்டு மண் கறுப்பாக இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். மேலே இரண்டு அங்குலம் மக்கு, அதற்குக் கீழே பெரும்பாலும் புளித்த மண்தான். பத்து இடத்தில் ஆறு அங்குல ஆழம் தோண்டி, வாளியில் போட்டுக் கலந்து, அதில் ஒரு கை எடுத்து அனுப்புங்கள். பென்சில்வேனியாவிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வகம் இருக்கிறது. படிவத்தில் பயிர் என்ற இடத்தில் குளோவர் என்று மறக்காமல் எழுதுங்கள், பரிந்துரை அதற்கேற்ப வரும்.

அனுப்பும்போதே இன்னொரு வேலையும் பாருங்கள். மண்வெட்டியால் நான்கைந்து குளோவரை மண்ணோடு தோண்டி எடுத்து, இழுக்காமல் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சு இருக்கிறதா, கிள்ளினால் உள்ளே என்ன நிறம் என்று சொல்லுங்கள்.

ஜார்ஜியா_செல்வி | மே 26

எதைச் செய்தாலும் இந்த வாரம் மோவரை இறக்காதீர்கள்! உங்கள் பக்கம் மான் குட்டி போடுவது மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை. பிறந்த குட்டி ஆபத்து வந்தால் ஓடாது, தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும், அதற்கு அதுதான் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் நான் ஏடிவியில் (காட்டுப் பாதையில் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) புல்வெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது ஒரு காது அசைந்தது. ஈ உட்கார்ந்ததால் அசைந்த காது, அந்த ஈ இல்லையென்றால் முடிந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, முதுகில் வெள்ளைப் புள்ளியோடு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் கிடக்கிறது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். பாதி வெட்டிய துண்டு மூன்று வாரம் அப்படியே கிடந்தது. காட்டு வான்கோழி முட்டையும் இந்தச் சமயம்தான் தரையில் இருக்கும்.

ஜூன் கடைசியில், களை பூத்து விதை முற்றுவதற்குள் ஒருமுறை, தரையிலிருந்து ஆறேழு அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் வெயில் நேராக மண்ணில் விழுந்து குளோவர் காய்ந்துவிடும். வெட்டியது கட்டி கட்டியாகக் குவிந்தால் வாரிக் கலைத்துவிடுங்கள், அடியில் மூச்சுமுட்டி அழுகும். ஜூலை, ஆகஸ்டில் மழை இல்லாமல் காய்ந்தால் கத்தியைத் தொடவே வேண்டாம்.

கரிசல்மண் | மே 26

குட்டி விஷயத்தில் செல்வி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் வெட்டினாலே புல்லும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். புல்லின் வளரும் நுனி தரையோடு இருக்கிறது, வெட்ட வெட்டத் தூர் கட்டி இன்னும் அடர்த்தியாகும், அதனால்தானே வீட்டு லானை வெட்டிக்கொண்டே இருக்கிறோம்? வெட்டுவது நெட்டையாக வளரும் அகல இலைக் களைக்குச் சரி. புல்லுக்கு கிளெத்தோடிம். அது புல்லினத்தை மட்டும் கொல்லும், குளோவரைத் தொடாது. கூட எண்ணெய் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் இலையில் ஒட்டாது. புல் நான்கைந்து அங்குலம் இருக்கும்போது அடிக்க வேண்டும், முழங்காலுக்கு வந்துவிட்டால் முழுதாகச் சாகாது. அடித்து ஒரு வாரம் வரை ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், மருந்து போலி என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் குருத்தை இழுத்தால் கையோடு வரும். கோரைக்கு இது கேட்காது. அளவு, கவசம், எந்தப் பயிரில் அடிக்கலாம் என்பதெல்லாம் லேபிளில் இருக்கும், வரி விடாமல் படியுங்கள்.

ஜார்ஜியா_செல்வி | மே 26

நான் மருந்து அடிப்பதில்லை, அது என் பழக்கம். என் துண்டில் களையும் இருக்கிறது, மானும் இருக்கிறது. மான் இளங்களையையும் தின்னும், அழகாக இருக்க வேண்டும் என்பது நமக்குத்தான், அதற்கு இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பக்கம் விதைப்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர். குளோவர் பனிக்காலத்திலும் வசந்தத்திலும் ஓடிவிட்டு கோடையில் தூங்கிவிடும். நான் போட்டது டுரானா, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, புல்லோடு மல்லுக்கட்டும். உங்கள் குளிருக்கு லடினோ என்ற பெரிய இலை வெள்ளைக் குளோவர் வகைகள்தான் வழக்கம். அதனால் என் முறையை அப்படியே எடுக்க வேண்டாம்.

மூன்றாம்சாமம் | மே 27

மருந்து வாங்குகிறவர்களுக்கு என் தலையெழுத்தையும் சொல்லிவிடுகிறேன். அகல இலைக் களைக்கு 2,4-டிபி என்று ஒருவர் எழுதித் தந்தார். கடையில் 2,4-டி தான் இருந்தது. ஒரு எழுத்துதானே என்று வாங்கி வந்து அடித்தேன். பத்து நாளில் ஒரு ஏக்கர் குளோவர் முழுக்கச் சுருண்டு திருகிப் பழுத்தது. களை செத்ததா என்றால் செத்தது, அதில் குறையில்லை. டிபி குளோவருக்கு ஓரளவு ஆகும், டி ஆகாது. அதே மாதிரி இமாசெத்தபிர் என்ற களைக்கொல்லி அடித்தால் மண்ணில் தங்கும், அடுத்து டர்னிப் மாதிரி ஏதாவது போட நினைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஜார்ஜியா_செல்வி | மே 27

சிக்கரி கலந்து போட்டிருந்தால் டிபியும் இமாசெத்தபிரும் சிக்கரியையும் அடித்துவிடும், கவனம். (நம் ஃபில்டர் காபியில் போடுகிற அதே சிக்கரிதான். இங்கே இலையை மான் தின்கிறது, அங்கே வேரை நாம் குடிக்கிறோம்.)

சுள்ளிக்காடு | ஜூன் 15

போன வாரம் போயிருந்தேன். குளோவர் ஐந்து செடி தோண்டி வாளியில் அலசினேன். மூன்றில் முடிச்சே இல்லை. மற்ற இரண்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஏழெட்டு. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, ஒன்று மட்டும் சாம்பல் மாதிரி. விதைப் பை மேலே ரைசோபியம் பூசியது என்று போட்டிருந்தது. ஆனால் அந்தப் பை ஒரு கோடை முழுக்க கார் டிக்கியில் கிடந்தது, இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது.

மண் முடிவும் வந்துவிட்டது. பிஎச் 5.4. சுண்ணாம்பு ஏக்கருக்கு 6,000 பவுண்டு. மணிச்சத்து 80, சாம்பல்சத்து 100 பவுண்டு. 6,000 என்பது தட்டச்சுப் பிழையா?

வம்பன்8 | ஜூன் 15

பிழை இல்லை. ஊரில் வேளாண்மை படித்துவிட்டு இப்போது ஓஹையோவில் வேறு வேலை பார்க்கிறேன், ஆனாலும் முடிச்சு என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க முடியாது. கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக, இறைச்சி நிறத்தில் இருந்தால்தான் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். வெள்ளையும் சாம்பலும் என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிற ஆள். ரைசோபியம் உயிருள்ள பொருள், டிக்கிச் சூட்டில் செத்திருக்கும். மிஞ்சியதும் 5.4 புளிப்பில் பிழைக்காது. குளோவருக்கு 6.5 பக்கம் வேண்டும், 5.4 என்பது 6.4-ஐவிடப் பத்து மடங்கு அமிலம். அந்த நிலையில் மண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும், நீங்கள் போடும் மணிச்சத்தையும் அதுவும் இரும்பும் கட்டிப்போட்டுவிடும். அதாவது உரத்துக்குக் கொடுத்த காசு மண்ணிலேயே பூட்டிக்கிடக்கும். முதலில் சுண்ணாம்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கணக்கு இதோ. அரை ஏக்கருக்கு 3,000 பவுண்டு சுண்ணாம்பு. 40 பவுண்டு மூட்டை என்றால் 75 மூட்டை. மணிச்சத்து 40 பவுண்டு வேண்டும், 0-46-0 உரத்தில் அது 87 பவுண்டு. சாம்பல்சத்து 50 பவுண்டு, 0-0-60 பொட்டாஷில் 83 பவுண்டு. ஆக இரண்டிலும் 50 பவுண்டு மூட்டை இரண்டிரண்டு வாங்கினால் சரியாகப் போகும். ஏப்ரலில் போட்ட 13-13-13-இல் கொஞ்சம் மணியும் சாம்பலும் உள்ளே போயிருக்கிறது, இந்த வருஷம் சற்றுக் குறைத்தாலும் குடி முழுகாது.

சுள்ளிக்காடு | ஜூன் 15

75 மூட்டையா! கடையில் உருண்டைச் சுண்ணாம்பு என்று ஒன்று இருக்கிறது, ஒரு மூட்டை சாதாரணச் சுண்ணாம்பு பத்து மூட்டைக்குச் சமம் என்றார்களே?

வம்பன்8 | ஜூன் 15

கதை. அதுவும் அதே கல்லை அரைத்த பொடிதான், தூசி பறக்காமல் தூவ வசதியாக உருட்டியிருக்கிறார்கள். மாவாக அரைத்ததால் கொஞ்சம் சீக்கிரம் கரையும், அவ்வளவே. மண்ணின் அமிலத்தை எடைக்கு எடைதான் தீர்க்க முடியும். பாட்டிலில் வரும் திரவச் சுண்ணாம்பும் இதே சங்கதி. லாரி உள்ளே வரும் என்றால் டன் கணக்கில் பொடியாக இறக்குவது மலிவு. உங்கள் காட்டுப் பாதையில் லாரி ஏறாது என்றால் முதுகுதான் லாரி.

கரிசல்மண் | ஜூன் 16

போடும் விதமும் முக்கியம். மேலாகத் தூவிவிட்டால் சுண்ணாம்பு வருஷத்துக்கு அரை அங்குலம், ஒரு அங்குலம்தான் கீழே இறங்கும். இந்தக் குளோவரைக் காப்பாற்ற வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் மூன்று வருஷம் போய்விடும். என்னைக் கேட்டால் மொத்தத்தையும் அழித்து, சுண்ணாம்பை டிஸ்க் (வட்டுக் கலப்பை) ஓட்டி மண்ணில் கலந்து, ஆகஸ்டில் புதிதாக விதையுங்கள்.

ஜார்ஜியா_செல்வி | ஜூன் 16

மலைச்சரிவில் மண்ணைக் கிளறினால் ஒரு பெருமழைக்கு மேல்மண் ஓடைக்குப் போய்விடும். தூங்கிக் கிடக்கும் களை விதையெல்லாம் எழுந்துவிடும். இருக்கிற வேரை ஏன் அழிக்க வேண்டும்? மேலே தூவி, பொறுமையாக இருங்கள்.

சுள்ளிக்காடு | ஜூன் 16

இரண்டு பேரும் சொல்வது நியாயமாகப்படுகிறது. சமமாக இருக்கும் கீழ்ப்பாதியில் உழுகிறேன், சரிவான மேல்பாதியில் தூவுகிறேன்.

ஈரோட்டான் | ஜூன் 17

விதைக்கிறபோது ரைசோபியத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் பிரட்டி நிழலில் உலர்த்துங்கள், நாங்கள் கடலைக்கும் உளுந்துக்கும் அப்படித்தான். பொட்டலத்தை டிக்கியில் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் வையுங்கள். குளோவருக்கான ரைசோபியம்தானா என்றும் பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்குரியது இன்னொன்றுக்கு வேலை செய்யாது. விதை எவ்வளவு பெரிசு?

கரிசல்மண் | ஜூன் 17

கடுகில் பாதி இருக்கும். ஒரு பவுண்டில் ஏழெட்டு லட்சம் விதை.

ஈரோட்டான் | ஜூன் 17

அப்படியென்றால் எள் விதைக்கிற மாதிரிதான். காய்ந்த மணலோடு கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை வீசினால் திட்டுத்திட்டாக விழாது.

சுள்ளிக்காடு | செப்டம்பர் 20

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் கடைசியில் மேல்பாதியை உயரமாக வெட்டினேன், வெட்டுமுன் மச்சானும் நானும் கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து குட்டி எதுவும் இல்லை என்று பார்த்தோம் (பதிலுக்கு ஆளுக்கு நான்கு உண்ணி. லைம் நோய்ப் பயத்தில் அன்று ராத்திரி டார்ச் வைத்து ஒருவர் முதுகை ஒருவர் பார்த்ததை இங்கே விவரிக்கவில்லை). புல் திரும்பத் துளிர்த்து ஐந்து அங்குலம் வந்ததும் கிளெத்தோடிம். கரிசல்மண் சொன்னபடியே எட்டாம் நாள் வரை ஒன்றுமில்லை, பதினெட்டாம் நாள் குருத்து கையோடு வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரம் 75 மூட்டை. பிக்கப் மூன்று நடை. சாலை முடிகிற இடத்திலிருந்து ஏடிவி வண்டியில் எட்டு எட்டு மூட்டையாக. ஐம்பதாவது மூட்டையில் மச்சான், "இந்த மானுக்கு நேராகக் கறிக்கடையிலேயே போயிருக்கலாம்" என்றான். மேல்பாதியின் பங்கை மேலாகத் தூவினேன். கீழ்ப்பாதியில் அதன் பங்கில் பாதியைத் தூவி டிஸ்க் ஓட்டி, மறுபடி மீதியைத் தூவி ஓட்டினேன். மூன்று வாரம் கழித்து 0-46-0, பொட்டாஷ், பிறகு ஓட்ஸைத் தூவி மேலாகக் கீறிவிட்டு, உருளை ஓட்டி மண்ணை இறுக்கி, கடைசியில் குளோவர் இரண்டு பவுண்டு. கஞ்சியில் பிரட்டியதுதான், மணல் கலந்ததுதான். விதையை மூடவில்லை, கால் அங்குலத்துக்குக் கீழே போனால் முளைக்காது என்றார்களே, அதனால் இன்னொரு தடவை உருளை மட்டும்.

கரிசல்மண் | செப்டம்பர் 20

அருமை. கம்பி வலையை மூன்று நான்கு அடி அகல வளையமாகச் சுற்றி, பாதிக்கு ஒன்றாக நட்டு வையுங்கள். உள்ளே மான் வாய் எட்டாது. வெளியே குட்டையாக இருந்தால் பயிர் வளரவில்லையா, மான் தின்றுவிட்டதா என்று அந்த வளையம்தான் சொல்லும். அரை ஏக்கர் சின்ன இடம், மான் அதிகமென்றால் தரையோடு மொட்டையடித்துவிடும்.

சுள்ளிக்காடு | மார்ச் 14

மேல்பாதியில் வெறுந்திட்டுகள் தெரிகின்றன. பனி உருகி, மண் ராத்திரி உறைந்து பகலில் இளகித் தேன்கூடு மாதிரி வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பில் விதை தானே இறங்கும் என்று படித்தேன், விடியற்காலை மண் கெட்டியாக இருக்கும்போது நடந்து ஒரு பவுண்டு தூவிவிட்டேன். விரல் மரத்துப்போனது, மற்றபடி சுலபம்.

சுள்ளிக்காடு | ஜூன் 8

கம்பி வளையத்துக்குள் கீழ்ப்பாதியில் குளோவர் ஓரடிக்கு மேல், வெளியே நான்கு அங்குலம். மான் நன்றாகவே தின்கிறது. மேல்பாதியில் வளையத்துக்குள் ஏழு அங்குலம், புல் திரும்ப எட்டிப்பார்க்கிறது. இந்தத் தடவை மண்ணை இரண்டு ஆழமாகப் பிரித்து அனுப்பினேன். உழுத பாதி மேலும் கீழும் 6.1. தூவிய பாதி மேல் இரண்டு அங்குலம் 6.3, அதற்குக் கீழே 5.5.

ஜார்ஜியா_செல்வி | ஜூன் 8

சரி, இந்தத் தடவை கரிசல்மண்ணுக்கு ஒரு காபி. மேல்பாதி வேர் கீழே போகப் போகப் புளிப்பில் முட்டும், இரண்டு வருஷம் கழித்து மறுபடி கொஞ்சம் சுண்ணாம்பு தூவுங்கள். மண் ஓடையில் இறங்கியதா?

சுள்ளிக்காடு | ஜூன் 8

கீழ்ப்பாதியின் ஓரத்தில் ஒரு இடத்தில் வாய்க்கால் மாதிரி அரித்திருக்கிறது, ஒரு முழம் அகலம். மேல்பாதியையும் உழுதிருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கும்.

வம்பன்8 | ஜூன் 9

முடிச்சு?

சுள்ளிக்காடு | ஜூன் 9

அதைத்தான் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். ஒரு செடியில் எண்ணினேன், முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். கிள்ளினால் நகக்கண்ணெல்லாம் இளஞ்சிவப்பு. மச்சானிடம் காட்டினேன், "இதற்காகவா 75 மூட்டை" என்றான்.

கரிசல்மண் | ஜூன் 9

அப்படியே விட்டால் நான்கைந்து வருஷத்தில் அந்த முடிச்சு சேர்த்த தழைச்சத்தே புல்லைக் கூப்பிட்டு வரும். அப்போது அழித்துவிட்டு ஒரு பருவம் டர்னிப்போ கோதுமையோ போட்டு அதை உறிஞ்ச விடுங்கள், பிறகு மறுபடி குளோவர். இந்த வருஷம் பொட்டாஷ் மட்டும் பாருங்கள். என் மணல் மண்ணில் அது மழையோடு இறங்கிவிடுவதால் வசந்தத்தில் பாதி, செப்டம்பரில் பாதி என்று பிரித்துப் போடுகிறேன்.

ஈரோட்டான் | ஜூன் 10

எல்லாம் சரிங்க. நேற்று ராத்திரி எங்கள் கடலைக் காட்டில் பதினோரு மான். வளையம் சுற்றாமலேயே தெரிந்துவிட்டது, பயிர் வளரவில்லையா, மான் தின்றுவிட்டதா என்று.